பலகையில் எந்தப் பெயரை எழுதுவது?

இந்த ஆடியில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் பென்னாகரம் வட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியை. பள்ளியைச் சுற்றி நாற்பது மரம் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைக்க முன்னாள் மாணவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பெயரை எழுதுவது என்பதில்தான் ஆசிரியர்களுக்குள் பேச்சு முடியவில்லை. இன்னொருவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதும் குழுவில் இருக்கிறார். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, தங்கள் எல்லைக்குள் வாழும் உயிர்களையும் அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் உள்ளாட்சிகள் எழுதி வைக்க வேண்டும். அவர் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிறது. ஒரே மரத்தை ஒரு தெருவில் புங்கன் என்கிறார்கள், அடுத்த தெருவில் கானுக, அதற்கடுத்த தெருவில் ஹொங்கே. "மூணையும் எழுதினா பின்னால படிக்கிறவங்க மூணு மரம்னு நினைச்சுக்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

இருவருக்கும் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: ஊரில் சொல்லும் பெயர், நூல்களில் வரும் பொதுத்தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பொதுப்பெயர், லத்தீனில் எழுதும் அறிவியல் பெயர். நான்கையும் எழுதிவிடலாமே என்று தோன்றும். பலகையில் இடம் இருந்தால் எழுதலாம்தான். ஆனால் எது பெரிய எழுத்தில், எது முதலில், சந்தேகம் வந்தால் எதை விடுவது என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, ஒரு பெயர் ஓர் உயிரை மட்டும் குறிக்கிறதா என்பது. இரண்டாவது, படிப்பவருக்குக் கேட்டவுடன் அந்த உயிர் கண்முன் வருகிறதா. மூன்றாவது, இருபது வருடம் கழித்தும் அந்தப் பெயர் நிற்குமா. நான்காவது, வேறு ஊரிலும் வேறு நாட்டிலும் அந்த உயிரைப் பற்றி எழுதப்பட்டதோடு அது நம்மை இணைக்கிறதா. ஐந்தாவது, இது எதற்கு உறவு என்பதைச் சரியாகச் சொல்கிறதா.

இந்த ஐந்தையும்விட எனக்கு முக்கியமானது ஆறாவது: பெயர் தப்பாகிப் போனால் அதைப் பின்னால் ஒருவர் கண்டுபிடித்துத் திருத்த முடியுமா? இதை யாரும் கேட்பதே இல்லை. என் முடிவுகள் பெரும்பாலும் இதிலிருந்து வந்தவை.

## ஊர்ப்பெயர்

ஊர்ப்பெயரை அறிவில்லாத பெயர் என்று நினைப்பவர்கள் நம் வேலமரங்களைப் பார்க்க வேண்டும். கருவேலம், வெள்வேலம், குடைவேலம். பின்சொல் கூட்டத்தைச் சொல்கிறது, முன்சொல் கூட்டத்துக்குள் இது எது என்று சொல்கிறது. மருதில் நீர்மருது, கருமருது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்குச் சீராகக் கொண்டுவந்த இருசொல் முறையும் இந்த அமைப்புதான். அங்கே கூட்டத்தைச் சொல்லும் பேரினப் பெயர் முன்னால் வரும், இது எது என்று சொல்லும் சிற்றினச் சொல் பின்னால் வரும், அவ்வளவுதான் வேறுபாடு. அவருக்கு முன்பு ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு செடிக்கு ஒரு வரி நீளத்துக்கு வர்ணனையைப் பெயராக எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்டுக்காரர்கள் இரண்டு சொல்லில் முடித்திருந்தார்கள்.

உறவையும் ஊர்ப்பெயர் சில சமயம் வியக்கும்படி பிடித்திருக்கிறது. வரப்பில் ஒரு சாண் உயரம் வளரும் கீழாநெல்லியையும் ஓங்கி வளரும் நெல்லி மரத்தையும் யார் ஒன்றாக வைப்பார்கள்? இலை அடுக்கைப் பார்த்து நம் முன்னோர் வைத்தார்கள். தாவரவியலும் இரண்டையும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தது.

ஆனால் எப்போதும் அப்படி அமையாது. கல்யாண முருங்கைக்கும் தவசி முருங்கைக்கும் நாம் சாம்பாரில் போடும் முருங்கைக்கும் எந்த உறவும் இல்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பம். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் நீலச்சிறகுப் பனங்காடை, காடை இனமே இல்லை. இவை பெரிய சேதம் செய்யாத குழப்பங்கள். பாம்பில் குழப்பம் வேறு மாதிரி. கட்டுவிரியன், கண்ணாடி விரியன் என்று இரண்டையும் 'விரியன்' என்றே சொல்கிறோம். ஆனால் எட்டடி விரியன் என்றும் பெயர் பெற்ற கட்டுவிரியன், நல்ல பாம்பின் குடும்பம். அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இல்லாமலும் போகும். கண்ணாடி விரியன் வேறு குடும்பம். அதன் கடி வீங்கும், வலிக்கும், இரத்தம் உறைவதைக் கெடுக்கும். "விரியன் கடிச்சா வீங்கும், இது வீங்கலையே" என்று ஒருவர் விடியும்வரை காத்திருந்தால் ஒரு சொல்லே உயிரை எடுத்துவிடும். (பாம்பு கடித்தால் பெயரைத் தேடிக்கொண்டு நிற்கவோ பாம்பைப் பிடிக்கவோ வேண்டாம். நம் மருத்துவமனைகளில் போடும் நஞ்சுமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது. ஆளை அசைக்காமல் உடனே கொண்டுபோவதுதான் வேலை.)

இன்னொரு செலவு பணத்தில் வரும். பாலக்கோட்டுப் பக்கம் என் சித்தப்பா ஒன்றரை ஏக்கரில் பிளைவுட்டுக்கு என்று மலைவேம்பு வைத்தார். நாற்று வாங்கிய இடத்தில் மலைவேம்பு என்றுதான் சொன்னார்கள், பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. மூன்று வருடத்தில் கன்றுகள் கிளைத்துக் கிளைத்துக் குட்டையாக நின்றன. மரக்கடைக்காரர்கள் கேட்பது மெலியா டூபியா. மெலியா அஸெடராக் என்ற இன்னொன்றையும் தமிழில் மலைவேம்பு என்றே சொல்கிறார்கள். இதில் லத்தீன் பெயர் மட்டும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே சிற்றினம்தான் என்று சேர்த்துவிட்ட வகைப்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். நாற்று வாங்குகிறவர் லத்தீன் பெயரோடு, விதை எடுத்த தாய்மரம் எங்கே நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். முடிந்தால் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

## நூல்தமிழ்ப் பெயர்

மாவட்டம் தாண்டினால் ஊர்ப்பெயர் மாறும் என்பதற்கு இது மருந்து. ஓசூர்ப் பக்கம் ராகி, தெற்கே கேப்பை. கேழ்வரகு என்று எழுதினால் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் புரியும். பாடநூலில் வரும் பெயர் என்பதால் பிள்ளைகளுக்கும் வசதி.

மறைவான செலவு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து புதிதாகக் கட்டிய பெயர்கள் நூல் பெயர் என்ற தகுதியில் பலகைக்கு வந்துவிடுகின்றன. யாருமே வாயால் சொல்லாத பெயர் அது. பலகையில் அதைப் பார்த்த பிள்ளை, ஆயா சொன்ன பெயர் தப்பு என்று முடிவு கட்டிவிடும். ஏரிக்கரையில் கத்திக்கொண்டு பறக்கும் பறவையை நூல்கள் செம்மூக்கு ஆள்காட்டி என்கின்றன. நல்ல பெயர்தான். ஆனால் 'ஆக்காட்டி' என்ற ஊர்ச் சொல்லையும் பக்கத்தில் எழுதாவிட்டால் அது ஒரு தலைமுறையில் போய்விடும். இந்த இழப்பைத் திருத்த வழியே இல்லை.

## ஆங்கிலப் பொதுப்பெயர்

மரங்களுக்கு இது எனக்குப் பிடிக்காத வழி. இந்தியன் ஆல்மண்ட் என்பது நாட்டு வாதுமை. கடையில் வாங்கும் பாதாமுக்கு அது உறவில்லை. ஃப்ளேம் ஆஃப் தி ஃபாரஸ்ட் என்றால் சிலர் நம் புரசு மரத்தைச் சொல்கிறார்கள், சிலர் குல்மொஹரை. ஊர்ப்பெயரின் குழப்பம் முழுவதும் இதில் இருக்கிறது, ஊர்க்காரருக்குப் புரிவது மட்டும் இல்லை.

பறவைகளில் மட்டும் நிலைமை வேறு. உலகம் முழுதும் பறவை பார்ப்பவர்கள் ஒரு பறவைக்கு ஓர் ஆங்கிலப் பெயர் என்று பட்டியல் வைத்து ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி அணையில் பறவை கணக்கெடுக்கும் இளைஞர்கள் ஆங்கிலப் பெயரில் குறித்தால் நான் தடுக்க மாட்டேன். அதுவும் மாறாதது இல்லை. நம் தவிட்டுக்குருவிக்கு முன்பு 'வெண்தலை' என்று ஆங்கிலத்தில் பெயர், இப்போது 'மஞ்சள் அலகு' என்று பெயர். அதன் லத்தீன் பேரினமும் டர்டாய்டஸிலிருந்து ஆர்கியாவுக்கு மாறியிருக்கிறது. தவிட்டுக்குருவி தவிட்டுக்குருவியாகவே இருக்கிறது.

## லத்தீன் பெயர்

இதன் பலம் மொழியில் இல்லை, விதியில் இருக்கிறது. தாவரங்களுக்கு 1753, விலங்குகளுக்கு லின்னேயஸ் நூலின் பத்தாம் பதிப்பு வந்த 1758: அந்த ஆண்டுகளிலிருந்து வெளியான பெயர்கள்தான் கணக்கு. இரண்டு பேர் ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைத்திருந்தால் பொதுவாக முந்தியது நிற்கும். ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ஒரு மாதிரியோடு கட்டப்பட்டிருக்கும். தாவரத்தில் பெரும்பாலும் அது தாளில் ஒட்டிய காய்ந்த கிளை. பெயர் எதைக் குறிக்கிறது என்று சண்டை வந்தால் அந்த மாதிரியை எடுத்துப் பார்க்கலாம். வேறு எந்தப் பெயர் முறையிலும் இந்த வசதி கிடையாது. தாவரத்துக்கும் விலங்குக்கும் விதிநூல் தனித்தனி. நல்ல பாம்பு நாஜா நாஜா என்று ஒரே சொல் இரண்டு முறை வரலாம். ஒரு செடிக்கு அப்படி வைக்க முடியாது.

லத்தீன் நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. முருங்கையின் பேரினப் பெயர் மொரிங்கா. புங்கனின் பெயர் பொங்காமியா. மாவின் மாஞ்சிஃபெரா என்பதன் முற்பாதி, மாங்காய் என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. கேழ்வரகின் எலூசினி கொரகானாவில் இருப்பது குரக்கன் என்ற சிங்களச் சொல். நம் சொற்கள்தான் லத்தீன் வேட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன.

ஒரு பெயர் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு நம் காவிரியே சாட்சி. ஒகேனக்கல்லில் விழுந்து போகும் இந்த ஆற்றின் படுகைக்கே உரியது முதுகு திமில் போல எழும்பிய பெரிய மஹசீர் மீன். தூண்டில்காரர்களுக்கு நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த மீன் அது. ஆனால் அறிவியல் பெயர் வேறு மஹசீர்களோடு கலந்தே கிடந்தது. பெயர் உறுதியாகாத மீனை எப்படி எண்ணுவது, அழிகிறது என்று எப்படிப் பட்டியலில் சேர்ப்பது? வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் ஆற்றில் பெருக, இது குறைந்துகொண்டே போனது. 2018இல்தான் இது டோர் ரெமாதேவியை என்று ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். நம் நாட்டு மீனியல் அறிஞர் ரெமா தேவியைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. அந்த ஆண்டே மிக அருகிய இனம் என்று, அழியும் நிலையில் உள்ள உயிர்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

சரி, செலவு என்ன? முதலாவது, லத்தீன் பெயர் மாறும். உறவைப் புதிதாகத் தெரிந்துகொண்டால் பேரினத்தை மாற்றுவார்கள். கருவேலம் அகேசியாவாக இருந்தது, இப்போது வாச்செலியா நிலோட்டிகா. அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்கே என்று 2005இல் வியன்னாவில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில் முடிவாகி, 2011இல் மெல்பர்னில் உறுதியானது. சீமைக் கருவேலம் புரோசோபிஸாக இருந்து 2022இல் நெல்டுமா ஆனது. வன்னி புரோசோபிஸிலேயே தங்கிவிட்டது. வெட்டிவேரின் பேரினம் வெட்டிவேரியா என்று அழகாக இருந்ததை கிரைசோபோகன் என்று மாற்றிவிட்டார்கள். இதில் ஆறுதல் ஒன்று உண்டு. பழைய பெயர்கள் இணைப்பெயராகப் பதிவில் இருக்கும். பழைய பலகையிலிருந்து புதிய பெயருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இரண்டாவது, பெயரின் பொருளை நம்ப முடியாது. புளிக்குப் பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. நம் மாவட்டத்துச் சாலை ஓரமெல்லாம் நிற்கும் அந்த மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

மூன்றாவது எழுத்துச் சிக்கல். இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், வாசிக்க எளிது. பலகையிலும் பதிவேட்டிலும் ரோமன் எழுத்தில், சாய்வாகவோ அடிக்கோடிட்டோ, பேரினத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்து எழுத வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் தேடிப் பார்க்க முடியாது. அப்புறம் லத்தீன் எழுதி என்ன பயன்?

நான்காவதுதான் பெரியது. செல்போனில் படம் எடுத்தால் செயலி ஒரு லத்தீன் பெயரைக் காட்டுகிறது. பூ இல்லை, காய் இல்லை, ஓர் இலையை வைத்து அது செய்வது ஊகம். அதை அப்படியே பதிவேட்டில் எழுதிவிட்டால் ஊகம் உண்மை வேடம் போட்டுக்கொள்கிறது. லத்தீன் என்றாலே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 'மருது' என்று மட்டும் எழுதியிருந்தால் பின்னால் வருபவர் "எந்த மருது?" என்று கேட்பார், ஊருக்குள் வந்து விசாரிப்பார். தப்பான சிற்றினப் பெயரைப் பார்த்தவர் கேட்கவே மாட்டார். அதனால் தப்பான லத்தீன் பெயரைவிட, யார் சொன்னது, எந்த ஊர் என்ற குறிப்போடு இருக்கும் ஊர்ப்பெயர் மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

## மாந்தோப்பில் கதை வேறு

கிருஷ்ணகிரியில் மாம்பழ வியாபாரியிடம் மாஞ்சிஃபெரா இண்டிகா என்றால் ஒரு பயனும் இல்லை. செந்தூரா, மல்கோவா, அல்போன்சா, நீலம் எல்லாமே அந்த ஒரே சிற்றினம். அங்கே வேண்டியது ரகப் பெயர். அதிலும் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூராவும், கிளிமூக்கும், தோத்தாபுரியும் ஒன்றே. பயிர் ரகங்களுக்கு என்று தனி விதிநூல் 1953 முதல் இருக்கிறது: லத்தீன் பெயருக்குப் பின் ரகப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள், சாய்க்காமல் எழுத வேண்டும். ராகி, சாமை, அவரை என்று நாட்டு விதை சேகரிப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். ரகத்தை அறிந்தவர் விவசாயிதான், அதனால் அங்கே அவர் வாய்ச்சொல்தான் முதல் பெயர்.

## நான்கும் ஒரே பார்வையில்

| | ஊர்ப்பெயர் | நூல்தமிழ் | ஆங்கிலம் | லத்தீன் |
|---|---|---|---|---|
| ஒரு பெயர், ஓர் உயிர் | பல நேரம் இல்லை | ஓரளவு | பறவையில் ஆம், மரத்தில் இல்லை | ஆம் |
| ஊராருக்குப் புரியுமா | உடனே | படித்தவருக்கு | சிலருக்கு | மிகச் சிலருக்கு |
| நிலைத்து நிற்குமா | பேசுபவர் இருக்கும்வரை | ஓரளவு | மாறும் | மாறும், தடம் இருக்கும் |
| வெளித் தகவலோடு இணைப்பு | இல்லை | தமிழ்நாட்டுக்குள் | பறவைக்கு நன்று | முழுதாக |
| உறவைச் சொல்லுமா | சில நேரம் சரி, சில நேரம் தப்பு | அதே | நம்ப முடியாது | பேரினம் சொல்லும் |
| தப்பானால் | கேட்டுத் திருத்தலாம் | திருத்தலாம், ஊர்ச்சொல் போகும் | திருத்தலாம் | யாரும் சந்தேகப்படார் |

## நான் சொன்ன முடிவு

தேன்கனிக்கோட்டை நண்பருக்கு: பதிவேட்டில் ஒரு வரி என்பது ஒரு பெயருக்கு இல்லை, ஓர் உயிருக்கு. வரிக்கு எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே புங்கன், கானுக, ஹொங்கே மூன்றையும், எந்த மொழி, எந்தத் தெரு, சொன்னவர் வயது என்ன என்பதோடு எழுதுங்கள். பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து அதே எண்ணை ஒட்டுங்கள். லத்தீன் கட்டம் காலியாக இருக்கட்டும். உள்ளூர்க் கல்லூரித் தாவரவியல் துறையிலோ, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல ஹெர்பேரியத்திலோ (காய்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) காட்டி, அவர்கள் சொன்ன பிறகு நிரப்புங்கள், தேதியோடு. காட்டு மரத்துக்கும் மூலிகைக்கும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வேம்புக்கும் ஆலுக்கும் இவ்வளவு பாடு வேண்டாம்.

மூலிகை வாங்குபவர், நாற்று வாங்குபவர், ஆய்வுக்கு எழுதுபவர்: லத்தீனை முன்னால் வையுங்கள். ஊரில் மரபு விதை, மேய்ச்சல், வைத்தியம் பற்றிக் குறிப்பெடுப்பவர்: ஊர்ப்பெயர் முன்னால். பறவை கணக்கெடுப்பு: ஆங்கிலமும் ஊர்ப்பெயரும். நூல்தமிழ்ப் பெயரைத் தனியாக நிறுத்தாமல் ஊர்ப்பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.

பென்னாகரத்து ஆசிரியைக்கு: பிள்ளைகள் வீட்டில் சொல்லும் பெயர் பெரிய எழுத்தில், அதன் கீழே லத்தீன், அதற்கும் கீழே குடும்பத்தின் பெயர். மரத்தில் ஆணி அடிக்காமல் பலகையைத் தரையில் கம்பி நட்டு வைக்கச் சொன்னேன். நாற்பதில் முப்பத்தேழு மரத்தை அன்றைக்கே முடித்துவிட்டோம். இரண்டைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்துச் சொன்னார். வடக்கு வேலியோரம் நிற்கும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. சத்துணவு சமைக்கும் அம்மா ஒரு பெயர் சொன்னார், காவலாளி இன்னொன்று சொன்னார். இரண்டையும் அவரவர் ஊர்ப் பெயரோடு பலகையில் எழுதி, லத்தீன் வரியில் "பூத்ததும் பார்ப்போம்" என்று எழுதியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார்களாம், மொட்டு வைத்திருக்கிறதா என்று.